விஎம் ஓடும் சர்வருக்கு ஸ்வாப்: வேண்டுமா, எங்கே வைப்பது, எவ்வளவு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் சர்வர் என்றால் ரேக்கும் ஏசி அறையும் கிடையாது. ஏதோ ஒரு ஆபிஸ் கழித்துவிட்ட டெல்லோ எச்பியோ, ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, அதன் மேல் பிராக்ஸ்மாக்ஸ், அதாவது ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் மாதிரி விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்டும் லினக்ஸ் சிஸ்டம், அவ்வளவுதான். செம்பனைப் பழக்குலை வாங்கும் இடமாக இருந்தால் லோரி எடைபோடும் சாஃப்ட்வேர் அதற்குள் ஒரு விண்டோஸில் ஓடும். சிசிடிவி, ஆபிஸ் ஃபைல்கள், ஃபயர்வால் எல்லாம் அதே பெட்டியில் தனித்தனி விஎம்மாகவோ கன்டெய்னராகவோ (விஎம்மைவிட இலகுவான வகை) உட்கார்ந்திருக்கும். கிளினிக்கிலும் டியூஷன் சென்டரிலும் பெயர்கள்தான் மாறும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணே, ஸ்வாப் எவ்வளவு வைக்கிறது? ராம் மாதிரி ரெண்டு மடங்கா, இல்ல வேண்டவே வேண்டாமா?"

ஸ்வாப் என்பது ராம் போதாதபோது அதில் இருப்பதை ஒதுக்கி வைக்கும் இடம், பெரும்பாலும் டிஸ்க்கில். இரண்டு மடங்கு என்பது ராம் எம்பி கணக்கில் இருந்த காலத்துப் பேச்சு, அதை மறந்துவிடுங்கள். எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி. ராம் தீர்ந்துபோகிற அந்த நிமிடத்தில் பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும், எல்லாமே மெதுவாக நகர வேண்டுமா, அல்லது ஒரு விஎம்மைக் கொன்றுவிட்டு மற்றவை ஒழுங்காக ஓட வேண்டுமா, இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஸ்வாப்பை எங்கே, என்ன அளவில் வைக்கிறீர்கள் என்பது அந்த முடிவைப் பொறுத்தது.

## முதலில் கூட்டிப் பாருங்கள்

விண்டோஸுக்கு 8 ஜிபி ராம், ஃபைல் சர்வருக்கு 4, சிசிடிவிக்கு 2, ஃபயர்வாலுக்கு 2. கூட்டினால் 16, பெட்டியிலும் 16, சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். விஎம்களைத் தாங்கும் பெட்டிக்கு, அதாவது ஹோஸ்டுக்கு, என்ன மிச்சம்? பிராக்ஸ்மாக்ஸ் தனக்கென்று ஒன்று ஒன்றரை ஜிபி கேட்கும், ஒவ்வொரு விஎம்மையும் ஓட்டும் கேவிஎம் பிராசஸும் நீங்கள் கொடுத்த அளவுக்கு மேல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தால், டிஸ்க்கிலிருந்து படித்ததை ராமில் வைத்திருக்கும் ஏஆர்சி என்று ஒரு கேஷ் வேறு இருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸ் 8.1க்கு முன் இன்ஸ்டால் செய்த பெட்டிகளில் அது ராமில் பாதி அளவுக்குக்கூட வளரும். 8.1 முதல் புதிதாக இன்ஸ்டால் செய்தால் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று இன்ஸ்டாலரே கட்டுப்படுத்திவிடுகிறது, ஆனால் பழைய பெட்டியை அப்கிரேட் செய்து வந்தவர்களுக்கு அந்த வரம்பு தானாக வராது. இந்த ஏஆர்சி, மெமரிக் கணக்கில் கேஷ் என்று காட்டாமல் பயன்பாட்டில் உள்ளது என்றே காட்டும், அதனால் பார்க்கிறவருக்கு எங்கே போனது 6 ஜிபி என்று புரியாது. நெருக்கடி வந்தால் அது இடத்தை விட்டுக்கொடுக்கத்தான் செய்யும், ஆனால் விஎம் திடீரென்று கேட்கும் வேகத்துக்கு எப்போதும் ஈடுகொடுப்பதில்லை. ஸ்வாப் பிரச்சினை என்று என்னிடம் வருகிறதில் நிறைய, ஏஆர்சியை 2 ஜிபிக்கு மட்டுப்படுத்தியதும் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். நெட்வொர்க் கார்டையோ கிராபிக்ஸ் கார்டையோ பாஸ்த்ரூ முறையில் நேரடியாக ஒரு விஎம்முக்குக் கொடுத்திருந்தால் அந்த விஎம்மின் மெமரி முழுவதும் ராமில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். சும்மா கிடக்கும் ராமை விஎம்மிடமிருந்து திரும்ப வாங்கும் பலூனிங் அதில் வேலை செய்யாது, ஸ்வாப்புக்கும் போகாது. மெமரியைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும் ஹியூஜ்பேஜஸ் போட்ட விஎம்முக்கும் ஸ்வாப் கிடையாது. நீங்கள் 8 ஜிபி ஸ்வாப் வைத்தாலும் அதை உபயோகிக்கும் தகுதி உள்ள விஎம் எது என்று பார்த்தால் சில பெட்டிகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து. ராம் தீர்ந்தால் என்ன ஆகும், மெதுவா சாவா. டிஸ்க் எவ்வளவு தேயும். டிஸ்க் ஒன்று செத்தால் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களுக்கு என்ன கதி. பின்னால் மனம் மாறினால் மாற்றுவது சுலபமா. கடைசியாக, பெட்டி இருக்கும் இடத்தில் யாராவது இருக்கிறார்களா.

இந்தக் கடைசி விஷயத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மெமரி தீர்ந்து கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) ஒரு பிராசஸைக் கொல்லும்போது பொதுவாக ஆகப் பெரியதைத்தான் தேர்ந்தெடுக்கும், அதாவது உங்கள் விண்டோஸ். பிராக்ஸ்மாக்ஸில் சாதாரண அமைப்பில் அப்படிக் கொல்லப்பட்ட விஎம் தானாக எழுந்து நிற்காது. ஹோஸ்ட் பூட் ஆகும்போது ஸ்டார்ட் ஆகு என்று போட்டு வைத்தது இதற்கு உதவாது, ஏனென்றால் ஹோஸ்ட் விழவே இல்லை. இரவு பேக்கப் நேரத்தில் நடந்தது காலையில் முதல் லோரி எடைமேடையில் ஏறிய பிறகுதான் தெரியவரும், கிராணி போன் அடிப்பார், நீங்கள் கோலாகங்சாரில் இருப்பீர்கள்.

## ஸ்வாப்பே வேண்டாம்

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்வது நியாயமானதுதான்: மெதுவாகச் செத்துக்கொண்டே இருப்பதைவிட டக்கென்று ஒன்று விழுந்தால் எங்கே பிரச்சினை என்று தெரியும், டிஸ்க்கும் தேயாது. ராம் தாராளமாக இருந்து, எல்லாக் கெஸ்டுக்கும் (உள்ளே ஓடும் விஎம், கன்டெய்னர்) கொடுத்த பிறகும் ஐந்தில் ஒரு பங்காவது சும்மா கிடக்கிறது என்றால், குறிப்பாக டிஸ்க் முழுவதும் இசட்எஃப்எஸ் என்றால், வேண்டாம் என்றே விட்டுவிடலாம். இசட்எஃப்எஸ்ஸில் இன்ஸ்டால் செய்தால் பிராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலரும் ஸ்வாப் எதையும் உருவாக்குவதில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பூட் ஆனபோது ஒருமுறை தொட்டுவிட்டு அப்புறம் யாரும் சீண்டாத பேஜ்கள் (மெமரியின் சின்னத் துண்டுகள்) எந்தப் பெட்டியிலும் நிறைய இருக்கும், அவற்றை ஒதுக்கி வைக்க இடமில்லாததால் அவை ராமிலேயே கிடக்கும். ஸ்வாப் இல்லாவிட்டால் பெட்டி இழுக்காது என்பதும் முழு உண்மையில்லை. மெமரி தீரும் கட்டத்தில் கெர்னல், புரோகிராம் ஃபைல்களின் பேஜ்களை ராமிலிருந்து தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கத் தொடங்கும், யாரையும் கொல்லும் முன்பே பெட்டி உறைந்துபோன மாதிரி ஆகிவிடும். தூரத்திலிருந்து நுழைய வைத்திருக்கும் எஸ்எஸ்எச்கூட உள்ளே விடாது.

கன்டெய்னர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிராக்ஸ்மாக்ஸில் கன்டெய்னர் உருவாக்கும்போது ஸ்வாப் 512 எம்பி என்று தானாக நிற்கும் அந்த எண், ஹோஸ்டின் ஸ்வாப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்கிற வரம்புதான். ஹோஸ்டில் ஸ்வாப் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

## தனிப் பார்ட்டிஷன்

எனக்குப் பிடித்தது இதுதான், நம் ஊர்ப் பெட்டிகளில் பாதிக்கு மேல் இதுவே போதும். எல்விஎம்மில் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் முறை) இன்ஸ்டால் செய்தால் பிராக்ஸ்மாக்ஸ் தானே ஒன்றை உருவாக்கும்: ராம் அளவு, குறைந்தது 4 ஜிபி, அதிகபட்சம் 8 ஜிபி, டிஸ்க்கில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல். இந்த அளவை நான் பெரும்பாலும் மாற்றுவதில்லை.

பெரிதாக வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேஜ் 4 கேபி, 1 ஜிபியில் 2,62,144 பேஜ்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் அங்குமிங்கும் தாவிப் படித்தால் வினாடிக்கு சுமார் 100 முறை. கெர்னல் பக்கத்துப் பேஜ்களையும் சேர்த்துப் படித்து இதைக் கொஞ்சம் சமாளிக்கும், ஆனால் ஒவ்வொன்றாகப் படிக்கும் மோசமான நிலையில் 1 ஜிபியைத் திரும்ப ராமுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம். அதில் 16 ஜிபி ஸ்வாப் வைத்திருந்தால் அந்த நாள் போச்சு. சின்ன ஸ்வாப் என்றால் சீக்கிரம் நிரம்பும், கெர்னல் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரும். ஹார்ட் டிஸ்க் மட்டுமே உள்ள பெட்டியில் 2 ஜிபிக்கு மேல் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டியில் வேகப் பிரச்சினை அந்த அளவுக்கு இல்லை, அங்கே தேய்மானம்தான் பயம். அந்தப் பயமும் பாதி வீண். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபியை எடுத்துக்கொண்டால் 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். நாளுக்கு 20 ஜிபி ஸ்வாப்புக்குப் போனாலும் வருடத்துக்கு 7 டெராபைட் சொச்சம், கவலையே வேண்டாம். ஆனால் இரவு பகல் பாராமல் வினாடிக்கு 5 எம்பி எழுதிக்கொண்டே இருந்தால் நாளுக்கு 432 ஜிபி, இரண்டு வருடத்துக்குள் அந்த 300 முடிந்துவிடும். ஆக, ஸ்வாப் இருப்பதால் எஸ்எஸ்டி கெடாது, ஓயாமல் ஸ்வாப் அடித்தால் கெடும். அப்படி அடிக்கிற பெட்டிக்குத் தேவை ராம்.

கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்குத் தள்ளும் என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பு 60 என்று இருக்கும், அதை 10க்கு இறக்குங்கள். 0 போட்டால் ஸ்வாப் அணைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அணையாது, கடைசி நிமிடம் வரை தொடாமல் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு டிஸ்க் இருந்தால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. இரண்டிலும் ஆளுக்கொரு ஸ்வாப் பார்ட்டிஷன் போட்டு ஒரே முன்னுரிமை கொடுத்தால் கெர்னல் இரண்டுக்கும் பிரித்து எழுதும், வேகம் கிடைக்கும். ஒன்று செத்தால் அதில் பேஜ் வைத்திருந்த விஎம்மும் கூடவே சாகும். டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி வைத்து மிரர் செய்துவிட்டு ஸ்வாப்பை இப்படி விட்டால் மிரர் செய்ததன் பயன் பாதி போய்விட்டது. லினக்ஸின் எம்டி ரெய்டில் மிரர் செய்து அதன் மேல் ஸ்வாப் வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல டிஸ்க் ஒன்றில் மட்டும் வையுங்கள்.

கிளினிக் நடத்துபவர்களுக்கு இன்னொன்று. ராமில் இருப்பது எதுவும் ஸ்வாப்பில் போய் விழலாம், நோயாளியின் பெயர், ஐசி எண், சம்பளப் பட்டியல் எல்லாம். பழைய டிஸ்க்கைக் கடையில் போடும்போது அதுவும் சேர்ந்து போகும். ஒவ்வொரு பூட்டுக்கும் புதிய சாவி போட்டு ஸ்வாப்பை என்கிரிப்ட் செய்வதற்கு லினக்ஸில் வழி இருக்கிறது, ஓரிரு வரி வேலைதான். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருப்பது ஞாபகம் இருக்கட்டும்.

## ஸ்வாப் ஃபைல்

பார்ட்டிஷன் போட இடம் விடாமல் இன்ஸ்டால் செய்துவிட்டவர்களுக்கு இது. ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்றால் தயங்க வேண்டாம். ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதை ஸ்வாப்பை ஆன் செய்யும்போதே கெர்னல் குறித்துக்கொள்ளும், அப்புறம் ஃபைல் சிஸ்டத்தைச் சுற்றிப் போவதில்லை, அதனால் வேகத்தில் பார்ட்டிஷனுக்குக் குறைவில்லை. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டுமென்றால் அணைத்து, அழித்து, புதிதாக ஒன்று. பரீட்சித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது.

பிடிஆர்எஃப்எஸ் என்றால் காப்பி-ஆன்-ரைட் (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது) அணைத்த ஃபைலாக இருக்க வேண்டும், அது இருக்கும் சப்வால்யூமை (ஃபைல் சிஸ்டத்தின் தனிப் பகுதி) ஸ்நாப்ஷாட் எடுக்க முடியாது, அதனால் தனி சப்வால்யூம் போடுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் ஸ்வாப் ஃபைல் நடக்காது.

## இசட்வால் மேல் ஸ்வாப்

வேண்டாம். இசட்வால் என்பது இசட்எஃப்எஸ்ஸுக்குள் தனி டிஸ்க் மாதிரி காட்டும் பகுதி, அந்த இசட்எஃப்எஸ் எழுதுவதற்கே மெமரி வேண்டும். மெமரி இல்லாத நேரத்தில் மெமரியைக் காலி செய்ய மெமரி கேட்டு நிற்கும் நிலை வரும், பெட்டி அப்படியே மாட்டிக்கொள்ளும். பிராக்ஸ்மாக்ஸ் ஆவணங்களே இது சர்வரை முடக்கலாம், வெளி ஸ்டோரேஜுக்கு பேக்கப் தொடங்கும்போது அடிக்கடி பார்க்கலாம் என்று எச்சரிக்கின்றன.

## சி-ராம், சி-ஸ்வாப்

இசட்ராம் என்றும் இசட்ஸ்வாப் என்றும் எழுதுகிறார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். சி-ராம் என்பது ராமுக்குள்ளேயே ஒரு ஸ்வாப், உள்ளே போவதை அமுக்கி வைக்கும், டிஸ்க்கைத் தொடாது. சி-ஸ்வாப் என்பது உண்மையான டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும் அமுக்கப்பட்ட கேஷ், நிரம்பினால் பழையதை டிஸ்க்குக்குத் தள்ளும். ஆண்ட்ராய்டு போன்களில் சி-ராம் எப்போதோ வந்துவிட்டது, ஃபெடோரா 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்து அதையே இயல்பாக வைத்திருக்கிறது. ஆக புதுச் சரக்கு இல்லை.

ஒன்றுக்கு இரண்டு, சில சமயம் மூன்று என்று அமுங்கும். 16 ஜிபி பெட்டியில் 4 ஜிபி சி-ராம் வைத்து அது முழுவதும் நிரம்பினால் ராமில் சுமார் 2 ஜிபி எடுத்துக்கொள்ளும், மிச்சம் 2 ஜிபி லாபம். காலியாக இருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் எடுக்காது. எஸ்எஸ்டி தேய்மானம் பூஜ்யம், டிஸ்க் செத்தால் என்ற கவலையும் இல்லை, ஆபிஸ் டேட்டா ராமை விட்டு வெளியே போவதும் இல்லை. முழு இசட்எஃப்எஸ் பெட்டிக்கு இதைவிட நல்ல வழி ஏதும் எனக்குத் தெரியவில்லை.

செலவு சிபியுவில் வரும். நாலு கோர் உள்ள பழைய ஐ5இல் சிசிடிவி வீடியோ ஏற்கெனவே சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் யோசிக்கவும், அங்கே அமுக்கும் முறையாக இசட்எஸ்டிடிக்குப் பதில் இலகுவான எல்இசட்4 போடலாம். வீடியோவோ என்கிரிப்ட் செய்த டேட்டாவோ அமுங்காது, அந்தப் பேஜ்கள் சி-ராமுக்குள் போனால் ஒரு லாபமும் இல்லாமல் இடத்தை மட்டும் அடைக்கும். சி-ராமோடு டிஸ்க் ஸ்வாப்பையும் சேர்த்து வைத்தால் இன்னொரு கோளாறு: முதலில் ஒதுக்கப்பட்ட, யாருக்கும் வேண்டாத பேஜ்கள் வேகமான சி-ராமை நிரப்பிவிடும், அப்புறம் வருகிற, சீக்கிரம் திரும்பத் தேவைப்படும் பேஜ்கள் டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க் ஸ்வாப் இருக்கிறதென்றால் சி-ஸ்வாப்பை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் சி-ராம். இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள். சி-ராம் மட்டும் இருந்தால் ஸ்வாப்பினஸை 10க்கு இறக்கத் தேவையில்லை, அங்கே ஸ்வாப் மலிவு, 100க்கு மேல்கூட வைக்கிறார்கள்.

## ராம் வாங்குவது

இதையும் ஒரு வழியாகச் சேர்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். தவுக்கே (முதலாளி) "இப்போ ஓடுதுல்ல, அப்புறம் பார்க்கலாம்" என்பார், அதற்கு நீங்கள் ஸ்வாப்பைக் காட்டிச் சமாளிக்கப் பார்ப்பீர்கள். கெஸ்ட்கள் உண்மையிலேயே பகலெல்லாம் உபயோகிக்கும் மெமரி ராமைத் தாண்டினால் எந்த ஸ்வாப்பும் சமாளிக்காது. ராம் பதில் சொல்ல சுமார் 100 நானோ வினாடி, வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 100 மைக்ரோ வினாடி, ஆயிரம் மடங்கு வித்தியாசம். வாங்கும் முன் அந்த மதர்போர்டு எவ்வளவு ஏற்கும், எத்தனை ஸ்லாட், டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், மினி பெட்டிகளில் லேப்டாப் வகை ராம்தான் போகும். ராம் வாங்கிய பிறகும் ஒரு சின்ன ஸ்வாப் இருக்கட்டும்.

## எந்தப் பெட்டிக்கு எது

ஒரு எஸ்எஸ்டி, எல்விஎம், 16 அல்லது 32 ஜிபி, விண்டோஸ் ஒன்று மற்றதெல்லாம் சில்லறை: இன்ஸ்டாலர் போட்ட பார்ட்டிஷனை விட்டுவிட்டு ஸ்வாப்பினஸ் 10, சி-ஸ்வாப் ஆன். கரண்ட் போய் வரும்போது எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் எழுந்து, விண்டோஸ் தன் 8 ஜிபியில் பெரும்பகுதியைத் தொட்டு, ராம் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும், மத்தியான இடிக்குப் பழகிய நமக்கு இது மாதத்துக்கு எத்தனை முறை என்று சொல்ல வேண்டியதில்லை. விஎம்களுக்கு ஸ்டார்ட் வரிசையும் இடைவெளியும் கொடுத்து வையுங்கள். ஃபயர்வால் முதலில், எடைமேடை விண்டோஸ் அடுத்து, சிசிடிவி கடைசி.

இரண்டு டிஸ்க் இசட்எஃப்எஸ் மிரர்: ஏஆர்சியை மட்டுப்படுத்தி சி-ராம். பழைய 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று சும்மா கிடந்தால் சி-ராமுக்குப் பதில் அதில் ஸ்வாப் போடலாம், ஆனால் அது செத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை என்றால், இன்ஸ்டாலரில் டிஸ்க் அளவைக் குறைத்துக் கொடுத்து ஸ்வாப்புக்கு 8 ஜிபி மிச்சம் விடுங்கள். யுஎஸ்பி பென் டிரைவில் ஸ்வாப் வைக்கலாமா என்று கேட்காதீர்கள்.

விஎம்களை ஓட்டும் இன்னொரு சிஸ்டமான விஎம்வேரிலிருந்து வந்தவர்கள் ஒரு பழக்கத்தோடு வருவார்கள். 2024 பிப்ரவரியில் அதன் ஈஎஸ்எக்ஸ்ஐ இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டபோது இந்தப் பக்கம் வந்தவர்கள் நிறைய. (2025 ஏப்ரலில் அது திரும்பி வந்துவிட்டது, அது வேறு கதை.) அங்கே ஒவ்வொரு விஎம்முக்கும் அதன் மெமரியில் ரிசர்வ் செய்யாத அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் தானாக வரும். இங்கே அப்படி இல்லை, எல்லாருக்கும் சேர்த்து ஹோஸ்டில் ஒரே குட்டைதான். அதனால் விஎம்முக்கு ஒரு கணக்கு என்று 40 ஜிபி ஸ்வாப் போட வேண்டாம்.

கெஸ்டுக்குள்ளும் ஸ்வாப் வேண்டுமா? கொஞ்சம் வையுங்கள். தனக்கு எது வேண்டாத பேஜ் என்பது ஹோஸ்டைவிட கெஸ்டுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே பேஜை மாற்றி மாற்றித் தூக்கிப்போடும் நிலை வராமலிருக்க ஹோஸ்டின் ஸ்வாப்பினஸ் குறைவாக இருக்க வேண்டும். கெஸ்ட் ஸ்வாப்பைத் தனி விர்ச்சுவல் டிஸ்க்கில் வைத்து அந்த டிஸ்க்குக்கு பேக்கப் டிக்கை எடுத்துவிட்டால் பேக்கப் அளவும் குறையும்.

வைத்த பிறகு, ஸ்வாப்பில் 2 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று பார்த்து பதறி போன் அடிக்காதீர்கள். அது வெறும் இருப்பு. விஎம்ஸ்டாட் என்ற லினக்ஸ் கமாண்டை வினாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள், ஒன்று டிஸ்க்கிலிருந்து உள்ளே வருவது, மற்றது வெளியே போவது. (முதல் வரி பூட் ஆனதிலிருந்து சராசரி, அதை விட்டுவிடலாம்.) காலை எட்டு மணி, லோரிகள் வந்து நிற்கும் நேரம், இரண்டு பத்தியும் பூஜ்யத்திலேயே நின்றால் ஸ்வாப்பில் எத்தனை ஜிபி இருந்தாலும் பெட்டி நலம். எஸ்ஐ பத்தியில் எண்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஏஆர்சியைப் பாருங்கள், அப்புறம் விண்டோஸுக்குக் கொடுத்த 8ஐ 6 ஆக்க முடியுமா என்று பாருங்கள், இரண்டும் முடிந்த பிறகும் ஓடினால் தவுக்கேயிடம் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக் காட்டி ராம் கேளுங்கள்.